சைக்காலஜி படிக்கும் பிள்ளைகளுக்குப் புள்ளியியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் கடற்கரையோரக் கல்லூரி ஒன்றில், உளவியல் துறைப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வருஷமாகப் புள்ளியியல் எடுக்கிறேன். கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், பாம்பன், தொண்டி என்று பல ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்டவை, இந்தப் பாடத்தைப் புதிதாக எடுக்க வந்த ஆசிரியர்கள் கேட்டவை என்று நிறையச் சேர்ந்துவிட்டன. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் பதிலோடு இங்கே தருகிறேன்.

கணக்கு வராது என்றுதானே என் மகளை சைக்காலஜியில் சேர்த்தோம்? அதிலும் ஸ்டாட்ஸ் இருக்கிறதாமே?

இருக்கிறது. ஆனால் நீங்கள் பயப்படும் கணக்கு அதில் இல்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம், இவ்வளவு தெரிந்தால் இளங்கலைப் பாடத்தைத் தாண்டிவிடலாம். வர்க்கமூலத்தையும் கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும்.

ஏன் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே வீட்டில் பிறந்த அக்கா தங்கையில் ஒருத்திக்குப் பரீட்சை என்றால் தூக்கம் வராது, இன்னொருத்தி நிம்மதியாகத் தூங்குவாள். மனிதர்கள் இப்படி ஒருவருக்கொருவர் வேறுபடுவதுதான் உளவியலின் பாடுபொருள். அந்த வேறுபாட்டை அளக்க ஒரு மொழி வேண்டும், அதற்குப் பெயர் புள்ளியியல். இதை வெளியிலிருந்து யாரும் உளவியலின் தலையில் கட்டவில்லை. தரவரிசை ஒட்டுறவையும் (இரண்டு தரவரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) காரணிப் பகுப்பாய்வையும் (பல மதிப்பெண்களுக்குப் பின்னால் நிற்கும் பொதுக் காரணங்களைத் தேடும் முறை) 1904இல் கொண்டுவந்த சார்லஸ் ஸ்பியர்மன் ஓர் உளவியலாளர். வினாத்தாளின் நம்பகத்தன்மையை அளக்க இன்று எல்லோரும் பயன்படுத்தும் ஆல்ஃபாவை 1951இல் பரவலாக்கிய லீ குரோன்பாக்கும் உளவியலாளர்தான்.

முதல் வகுப்பில் எங்கிருந்து தொடங்குவது? எல்லாப் புத்தகமும் சராசரியில்தான் தொடங்குகிறது.

நானும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் தொடங்கினேன். சராசரி, இடைநிலை (வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்), முகடு (அதிக முறை வரும் எண்), அப்புறம் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு), அதற்கு ஒரு சூத்திரம், பத்துப் பயிற்சிக் கணக்கு. இரண்டாம் வருஷக் கடைசியில் ஒரு மாணவி இருபது பேருடைய எண்களின் திட்ட விலக்கத்தை நான்கு தசம இடம் வரை பிழையில்லாமல் போட்டுக் காட்டினாள். “சரி, இந்த எண் அந்த இருபது பேரைப் பற்றி என்ன சொல்கிறது?” என்று கேட்டேன். அவளால் ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை. அது அவளுடைய குறை இல்லை. நான் சொல்லிக் கொடுக்காததை அவள் எங்கிருந்து எடுத்துச் சொல்வாள்?

அந்த வருஷத்திலிருந்து சராசரிக்கு முன்னால் பரவலைச் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் வகுப்பைக் கடற்கரையில் வைக்கிறேன். ஈர மணலில் ஒரு நீளக்கோடு கிழித்து 0 முதல் 12 வரை குறித்துவிடுவோம். நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்களோ அந்த எண்ணுக்கு மேலே ஒரு சிப்பியை வையுங்கள் என்பேன். ஒரே எண்ணுக்கு இரண்டு பேர் வந்தால் சிப்பிக்கு மேல் சிப்பி. நாற்பது பேரும் வைத்து முடித்ததும் ஆறு, ஏழுக்கு மேலே ஒரு குவியல் நிற்கும். மூன்றில் தனியாக ஒன்று, பத்தில் தனியாக ஒன்று. நான் எதுவும் கேட்பதற்கு முன்பே பிள்ளைகள் பேசத் தொடங்கிவிடுவார்கள். மூன்று மணி நேரம் தூங்கினது யாரு? ஏன்? அப்பா விடியற்காலை கரை திரும்புவார் என்று அம்மாவோடு விழித்திருந்தேன் என்று ஒரு முறை பதில் வந்தது.

வேண்டியது எல்லாம் அந்த மணலில் இருக்கிறது. குவியல் எங்கே என்பது சராசரி. எவ்வளவு தூரம் சிதறியிருக்கிறது என்பது திட்ட விலக்கம். தனியாகக் கிடக்கும் சிப்பிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அதைக் கேட்பதுதான் உளவியல். சூத்திரத்தை மூன்றாவது வாரம் கரும்பலகையில் எழுதும்போது, அந்தச் சிப்பிகளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கடல் இல்லாத ஊரில் முற்றமும் புளியங்கொட்டையும் போதும். நம் மொழியில் இந்தப் பாடத்தின் பெயரே புள்ளியில்தான் தொடங்குகிறது. கோலத்துக்குப் போலவே இதற்கும் முதலில் புள்ளி வைக்கத் தெரிய வேண்டும்.

திட்ட விலக்கத்தைக் கையால் போட வைக்க வேண்டுமா?

ஒரு முறை, சின்ன எண்களை வைத்து. நான் பயன்படுத்துவது இது. இரண்டு வள்ளங்கள், ஏழு நாள், பிடித்த மீன் கிலோவில். கணக்குக்காக நானே எழுதிக்கொண்ட எண்கள்.

முதல் வள்ளம்: 18, 20, 22, 19, 21, 20, 20.
இரண்டாவது: 0, 5, 60, 2, 3, 65, 5.

இரண்டுக்கும் மொத்தம் 140, சராசரி 20. “இந்த இரண்டு வீட்டிலும் வாழ்க்கை ஒன்றுதானா?” என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும். இரண்டாவது வீட்டில் ஐந்து நாள் கடன், இரண்டு நாள் கொண்டாட்டம் என்பதை மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறகு கணக்குப் போடுவோம்: ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்து, வந்ததை வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டி, ஆறால் வகுத்து, வர்க்கமூலம் எடுப்போம். முதல் வள்ளத்தின் திட்ட விலக்கம் ஏறக்குறைய 1.3, இரண்டாவதற்கு 29.1. இடைநிலை முதலாவதற்கு 20, இரண்டாவதற்கு 5.

அடுத்த கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். இவை கிலோ இல்லை, இரண்டு பேருடைய ஒரு வார மனநிலை மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். சராசரியை மட்டும் எழுதிக் கொடுத்தால் யாரைத் தவறவிடுவோம்? இதற்குப் பதில் சொன்ன பிள்ளைக்குத் திட்ட விலக்கம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். சூத்திரம் மறந்தாலும் பரவாயில்லை.

திட்ட விலக்கம் போடும்போது, ஏழு எண்களை வைத்துக்கொண்டு ஏன் ஆறால் வகுக்கிறோம்?

சராசரி 20 என்று முதலிலேயே கட்டிப்போட்டுவிட்டோம். ஆறு நாள் கணக்கைச் சொன்னால் ஏழாவது நாள் எவ்வளவு என்று கேட்காமலே தெரிந்துவிடும், 140இலிருந்து கழித்தால் போதும். சுதந்திரமாக நிற்கும் எண்கள் ஆறுதான். அதோடு, நாம் கழிக்கும் சராசரி அந்த ஏழு எண்களிலிருந்தே வந்தது. அதனால் எண்கள் தங்கள் சொந்தச் சராசரிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நெருங்கி நிற்கும், பரவல் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ஆறால் வகுப்பது அந்தக் குறையைச் சரிக்கட்டுகிறது. முதல் வருஷத்துக்கு இந்த அளவு போதும்.

எண்ணாக இருந்தால் எதற்கும் சராசரி போடலாமா?

கூடாது. ஆண் 1, பெண் 2 என்று குறியீடு கொடுத்துவிட்டு, அட்டவணையில் பாலினத்தின் சராசரி 1.6 என்று எழுதிய ஆய்வேட்டை நான் திருத்தியிருக்கிறேன். கணினி கேட்காது, எண்ணைக் கொடுத்தால் சராசரி தந்துவிடும். எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் 1946இல் அளவைகளை நான்காகப் பிரித்தார்: பெயர் மட்டும் சொல்பவை, வரிசை சொல்பவை, சம இடைவெளி உள்ளவை, உண்மையான பூஜ்யம் உள்ளவை. படகின் பதிவு எண் முதல் வகை. பந்தயத்தில் எந்தப் பாய்மரப் படகு முதலில் வந்தது, எது இரண்டாவது என்பது இரண்டாம் வகை. வெப்பநிலை மூன்றாவது, மீன் எடை நான்காவது.

சிக்கல் எல்லாம் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் வருகிறது. ரென்சிஸ் லைகர்ட் 1932இல் கொண்டுவந்த, “முழுமையாக ஏற்கிறேன்” முதல் “முழுமையாக மறுக்கிறேன்” வரை ஐந்து படிகள் உள்ள வினாத்தாளைத்தான் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் எடுத்துக்கொண்டு ஊருக்குள் போகிறார்கள். இந்தப் படிகளுக்கு நடுவே இடைவெளி சமம்தானா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு.

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கப் போகும் ஒரு அம்மாவிடம் “ஓரளவு ஏற்கிறேனா, முழுமையாக ஏற்கிறேனா” என்று கேட்டுப் பாருங்கள். நம் வீடுகளில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. “ஆமா”, “இல்ல”, “அப்பப்ப” என்று மூன்று பதில்தான் வரும். மீதி இரண்டு படியை நம் மாணவி தன் மனம்போல நிரப்பிக்கொள்வாள். அதற்குப் பிறகு என்ன சோதனை போட்டாலும் அந்த அம்மாவின் மனம் அதில் இருக்காது.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 வினாத்தாள் இந்த விஷயத்தில் நல்லது. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்கிறது. ஒரு நாளும் இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், அநேகமாக தினமும். நாளை எண்ணிச் சொல்லச் சொன்னால் நம் மக்கள் தெளிவாகச் சொல்வார்கள். ஆனால் சொற்களையும் பார்க்க வேண்டும். “மனச்சோர்வு” என்ற சொல் ஏட்டில் இருக்கிறது. கரையில் கேட்பது “மனசு சரியில்ல”, “நெஞ்சு பாரமா கெடக்கு”, “ஒரே யோசனை”. மொழிபெயர்த்த வினாத்தாளை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்ப்பது ஒரு முறை. அதோடு ஊரிலேயே ஐந்து பேரிடம் வாசித்துக் காட்டி, “இதில் என்ன கேட்கிறார்கள் என்று உங்களுக்குப் படுகிறது?” என்று கேட்கச் சொல்கிறேன். அந்த ஐந்து பேருடைய பதிலைக் கேட்டு வந்த பிறகு பாதி வாக்கியங்களைப் பிள்ளைகள் தாங்களாகவே மாற்றி எழுதுகிறார்கள்.

பி-மதிப்பை எப்படிப் புரியவைப்பது? மூன்று வருஷம் படித்தும் மனப்பாடமாகத்தான் சொல்கிறார்கள்.

இந்தப் பாடத்திலேயே கடினமான இடம் இதுதான். அவசரப்படாமல் இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

பாம்பன் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வகுப்பில் சொன்னாள்: எங்கள் அப்பத்தா சூடை மீனை வாயில் வைத்தாலே அது வடகடல் மீனா தென்கடல் மீனா என்று சொல்லிவிடும். வடகடல் என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொல்வது பாக் விரிகுடாவை, தென்கடல் என்பது மன்னார் வளைகுடாவை. சரி, அப்பத்தாவின் நாக்கை நம்புவதா வேண்டாமா? எப்படிச் சோதிப்பது? வகுப்பையே வடிவமைக்கச் சொன்னேன்.

ஒரே அளவு மீன், ஒரே நாள் பிடித்தது, ஒரே மசாலா, ஒரே கை சமைத்தது. எட்டுத் தட்டு, நான்கில் வடகடல், நான்கில் தென்கடல். எந்த வரிசையில் வைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். பரிமாறுகிறவருக்கும் எது எது என்று தெரியக்கூடாது, முகம் காட்டிக் கொடுத்துவிடும். அப்பத்தாவுக்குத் தெரிந்ததெல்லாம் நாலு, நாலு என்பது மட்டும்.

இப்போது எதிர்க்கட்சி பேசட்டும். அப்பத்தாவுக்கு ஒன்றும் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு நான்கு தட்டைத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதைத்தான் இன்மை எடுகோள் என்கிறோம். எட்டிலிருந்து நான்கை 70 விதமாக எடுக்கலாம். அதில் ஒன்றே ஒன்றுதான் முழுச் சரி. வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தில் எல்லாம் சரியாக அமைய வாய்ப்பு 70இல் 1, அதாவது 1.4 சதவீதம். அதுதான் பி-மதிப்பு. தெரியாது என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு நன்றாகவோ இதைவிட நன்றாகவோ வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லும் எண்.

ஒரு தட்டு மாறிப்போனால்? மூன்று சரி, ஒன்று தப்பு என்பது 16 விதமாக வரலாம். முழுச் சரியையும் சேர்த்தால் 17, 70இல் 17 என்றால் 24 சதவீதம். கண்ணை மூடித் தொடுகிறவருக்கே நான்கு தடவையில் ஒரு தடவை இது நடந்துவிடும். ஒரே ஒரு தப்பில் சான்று இவ்வளவு இளைத்துப்போவதைப் பார்த்துப் பிள்ளைகள் அசந்துபோவார்கள். அப்பத்தாவுக்குத் தெரியவில்லை என்று இது நிரூபிக்குமா என்று உடனே கேளுங்கள். நிரூபிக்காது. எட்டுத் தட்டு போதவில்லை, அவ்வளவுதான்.

கையால் செய்தும் பார்க்க வேண்டும். எட்டுச் சோழியில் நான்கின் அடியில் மை தடவி, ஒவ்வொருவரும் பார்க்காமல் நான்கு எடுக்கட்டும். வகுப்பில் நாற்பது பேர் ஐந்து சுற்று எடுத்தால் 200 முறை. ஒவ்வொரு முறையும் எத்தனை சரி என்று சுவரில் புள்ளி வையுங்கள். இன்மை எடுகோள் உண்மையாக இருந்தால் உலகம் எப்படி இருக்கும் என்ற படம் கண்முன்னே எழும்பி வரும். இந்த எட்டு–நாலு கணக்கு புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷருடையது. ஒரு பெண்மணி, பால் முதலில் ஊற்றிய தேநீரா, தேநீருக்குப் பிறகு பால் ஊற்றியதா என்று சுவைத்தே சொல்வேன் என்றதை வைத்து 1935இல் எழுதினார். நான் தேநீரை இறக்கிவிட்டு மீனை ஏற்றிக்கொண்டேன்.

பி 0.05க்குக் கீழே வந்தால் ஆய்வு வெற்றிதானே?

இல்லை. 0.05 என்பது ஃபிஷர் 1925இல் வசதிக்காகச் சொன்ன ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே வந்த முடிவை ஆங்கிலத்தில் சிக்னிஃபிகன்ட் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் “முக்கியமானது” என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். நம் பாடநூல்களில் வரும் “மிகைகாண்” என்ற சொல் அந்த மயக்கத்தைத் தருவதில்லை, அதனாலேயே எனக்கு அது பிடிக்கும். ஆள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் அற்ப வேறுபாடுகூட மிகைகாண் ஆகிவிடும்.

வேறுபாடு எவ்வளவு பெரிது என்று தனியாகக் கேட்க வேண்டும். இரண்டு குழுவின் சராசரி வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் வருவது, ஜேக்கப் கோஹென் சொன்ன டி. 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்று அவர் ஒரு தோராயக் கணக்கு கொடுத்தார். வகுப்பில் அதை இப்படி மாற்றிச் சொல்கிறேன். குழுவுக்கு ஒருவராக எடுத்து 100 ஜோடி போடுங்கள். வேறுபாடே இல்லையென்றால் உயர்ந்த குழுக்காரர் 50 ஜோடியில் முந்துவார். டி 0.2 என்றால் 56இல், 0.5 என்றால் 64இல், 0.8 என்றால் 71இல். “பெரியது” என்று பெயர் வாங்கிய வேறுபாட்டிலும் 29 ஜோடியில் கதை தலைகீழ். பெண்கள் இப்படி, ஆண்கள் அப்படி என்று பத்திரிகையில் ஆய்வுச் செய்தி படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு கணக்கு நிறையப் பேச இடம் கொடுக்கும்.

ஆய்வேட்டுக்கு 30 பேர் போதும் என்கிறார்களே?

யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, ஆனால் எல்லாக் கல்லூரியிலும் இந்தப் பேச்சு இருக்கிறது. எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. இரண்டு குழுவை ஒப்பிட்டு, நடுத்தர வேறுபாட்டை (டி 0.5) 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க, குழுவுக்கு 64 பேர் வேண்டும். பெரிய வேறுபாடு என்றால் 26 பேர் போதும். சிறியது என்றால் குழுவுக்கு 400 பேருக்குக் கிட்டத்தட்ட வேண்டும். பதினைந்து பதினைந்து பேரை வைத்துக்கொண்டு நுணுக்கமான வேறுபாட்டைத் தேடுவது, பெரிய கண்ணி வலையால் நெத்திலி பிடிக்கப் போவதுபோல.

எத்தனை பேர் என்பதைவிட யார் யார் என்பது முக்கியம். “ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பார்கள். பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தது, அதனால் ஒன்று போதும். ஊர் அப்படி வேகவில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் போட்டு “மீனவ சமுதாயத்தின் மனஅழுத்தம்” என்று தலைப்பு வைத்தால், அதில் மீனவர் யாரும் இருக்க மாட்டார்.

இந்தக் கடற்கரைக்கே உரிய இரண்டு கண்ணி இருக்கிறது, எங்கள் பிள்ளைகள் விழுந்து எழுந்தவை. ஒன்று, கிழமை. பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நான்கு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். கல்லூரி விடுமுறை என்பதால் ஒவ்வொரு சனிக்கிழமையும் கரைக்குப் போகிற மாணவி, ஒரே வகைப் படகுக்காரர்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். இன்னொன்று, மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தொழில் இல்லாத மே மாதத்தில் கவலையை அளந்துவிட்டு, அதை வருஷம் முழுமைக்கும் எழுதக்கூடாது. அளந்த தேதியை ஆய்வேட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.

மாதிரி எடுப்பதை நேரில் பார்க்க எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. 1947இல் தொடங்கிய, மண்டபத்தில் மையம் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம், நாட்டின் கடல்மீன் பிடிப்பைப் பல கட்டமாக மாதிரி எடுக்கும் கூறெடுப்பு முறையில்தான் மதிப்பிடுகிறது. எல்லாக் கரையிலும் எல்லாப் படகையும் யாராலும் எண்ண முடியாது. கரைகளைப் பிரிவுகளாக வகுத்து, நாட்களைத் தேர்ந்து, அன்று வரும் படகுகளிலிருந்து சிலவற்றை எடுத்து, அவற்றிலிருந்து மொத்தத்தைக் கணிக்கிறார்கள். படகுக்குச் செய்யும் இந்தப் பாகுபாட்டைத் தெருவுக்கும் வீட்டுக்கும் எப்படிச் செய்வது என்று கேட்டால், பிள்ளைகளே திட்டம் போட்டுவிடுகிறார்கள்.

ஒட்டுறவு (இரண்டு அளவுகள் சேர்ந்தே ஏறி இறங்குவது) இருந்தால் காரணம் இருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். எப்படித் தடுப்பது?

எங்கள் பக்கம் நுங்கு விற்பனை சூடுபிடிக்கும் மாதங்களில் மீன் விலையும் ஏறும். நுங்கு தின்பதால் மீன் விலை ஏறுகிறதா? கோடை வந்தால் நுங்கு வரும், கோடையில்தான் தடைக்காலமும் வரும். இரண்டையும் நாட்காட்டி கட்டி இழுக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, கைப்பேசி பார்க்கும் நேரமும் மனக்கவலையும் சேர்ந்து ஏறுகின்றன என்ற முடிவை எடுத்து, இங்கே நாட்காட்டியின் இடத்தில் யார் நிற்கலாம் என்று கேளுங்கள். தனிமையா, தூக்கமின்மையா, வீட்டுச் சண்டையா? கவலை இருப்பதால்தான் கைப்பேசியை எடுக்கிறார்களோ? பதில் வருவதற்கு நேரம் கொடுங்கள்.

ஆலோசனைக்குப் பிறகு மதிப்பெண் குறைந்தது என்றால் ஆலோசனை வேலை செய்தது என்றுதானே பொருள்?

முழுதாக நம்ப முடியாது. இருக்கிறவர்களிலேயே அதிக மன அழுத்தம் காட்டிய பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தால், அவர்களில் சிலர் அன்று மட்டும் மோசமான நாளில் இருந்தவர்கள். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் அடுத்த முறை அவர்கள் எண் கொஞ்சம் இறங்கும். வலை நிறைய மீன் விழுந்த நாளுக்கு மறுநாள் அவ்வளவு மீன் விழாததுபோலத்தான். பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு 1886இல் கால்டன் இதை எழுதினார். ஆலோசனை பெறாத, அதே அளவு அழுத்தம் காட்டிய இன்னொரு குழுவோடு ஒப்பிட்டால்தான் தெரியும். காத்திருந்த குழுவுக்கும் பிறகு ஆலோசனை கொடுத்துவிட வேண்டும்.

பள்ளிகளுக்குப் போய் மனநலப் பரிசோதனை வினாத்தாள் கொடுக்கிறோம். அதிக மதிப்பெண் வந்த பிள்ளைகளைப் பிரச்சினை உள்ளவர்கள் என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. ஏன் என்பதைச் சதவீதத்தில் இல்லாமல் ஆளாகவே எண்ணிக் காட்டுங்கள், உடனே புரியும். ஒரு கணக்குக்காக 1000 பிள்ளைகள். அதில் உண்மையாகவே சிக்கல் உள்ளவர்கள் 50 பேர். வினாத்தாள் நல்லது, அவர்களில் 90 சதவீதத்தைப் பிடித்துவிடும்: 45 பேர். சிக்கல் இல்லாத 950 பேரில் 10 சதவீதத்தைத் தவறாகக் காட்டும்: 95 பேர். ஆக மொத்தம் 140 பேர் பட்டியலில் வருவார்கள். அவர்களில் உண்மையானவர்கள் 45, மூன்றில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. பட்டியலில் வந்த பிள்ளையிடம் நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டும் என்பது மட்டும்தான் அந்த மதிப்பெண்ணின் பொருள். விட்டுப்போன 5 பேரையும் மறக்கக்கூடாது.

இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் கல்லூரியிலிருந்து ஏர்வாடி தூரமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை வெளிப்படையாகத் தடை செய்கிறது. ஆனால் ஒருவருக்கு ஒட்டிய பெயர் இந்த ஊர்களில் சீக்கிரம் போவதில்லை. கல்யாணப் பேச்சு வரை பின்னாலேயே வரும். அந்த 95 பிள்ளைகளில் ஒருவர் மேலும் நம் கையால் அது ஒட்டக்கூடாது.

மற்றவரிலிருந்து விலகி நிற்கும் எண்ணை நீக்கலாமா?

தட்டச்சுப் பிழை என்றால் திருத்துங்கள். வயது 240 என்று இருந்தால் மூல வினாத்தாளைத் தேடிப் பாருங்கள். உண்மையான எண் என்றால் நீக்காதீர்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைக் கணக்குக்குப் பொருந்தவில்லை என்று யாரும் எடுத்துவிட முடியாது. அந்த எண்ணோடும், அது இல்லாமலும் கணக்குப் போட்டு இரண்டையும் எழுதுவது நேர்மை.

எந்த மென்பொருள்?

எஸ்பிஎஸ்எஸ் கல்லூரியில் இருந்தால் பயன்படுத்தலாம். வீட்டில் அதை வாங்க எங்கள் பிள்ளைகளால் முடியாது. ஜாமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடுகின்றன. ஆர்வமுள்ளவர்கள் ஆர் என்ற நிரல்மொழியைக் கற்கலாம், அதுவும் இலவசம். எதுவானாலும் முதலில் படம் வரைய வையுங்கள். ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973இல் நான்கு தரவுத் தொகுதிகளைக் காட்டினார். நான்கிலும் சராசரி, மாறுபாடு (திட்ட விலக்கத்தின் வர்க்கம்), ஒட்டுறவு எல்லாம் ஏறக்குறைய ஒன்றே, ஒட்டுறவு 0.816. வரைந்தால் ஒன்று சாய்கோடு, ஒன்று வளைவு, மற்ற இரண்டிலும் ஒற்றைப் புள்ளி கோட்டையே இழுத்துக்கொண்டு நிற்கும்.

தமிழில் நடத்துவதா, ஆங்கிலத்தில் நடத்துவதா?

கருத்தைத் தமிழில், பரீட்சைச் சொல்லை இரண்டிலும். திட்ட விலக்கம் என்று சொல்லிப் புரியவைத்துவிட்டு, வினாத்தாளில் ஸ்டாண்டர்டு டீவியேஷன் என்று வரும் என்று சொல்லிவிடுங்கள். தமிழ்வழியில் வந்த பிள்ளைகள் பின்தங்குவது கணக்கால் இல்லை என்பதை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தால் அதே முடிவு வருவதில்லையாமே? பிறகு எதற்கு இவ்வளவு பாடு?

2015இல் உளவியலாளர்கள் பலர் சேர்ந்து 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் மிகைகாண் முடிவு காட்டியிருந்தன, திரும்பச் செய்தவற்றில் 36 சதவீதம்தான் காட்டின. இதை மாணவர்களிடம் மறைக்கக்கூடாது என்பது என் கட்சி. சிறிய மாதிரி, வந்த முடிவில் நல்லதை மட்டும் எழுதுவது, தரவைப் பார்த்த பிறகு கருதுகோளை மாற்றிக்கொள்வது, இவையெல்லாம் சேர்ந்து அந்த நிலைக்குக் கொண்டுவந்தன. தன் பிழையைத் தானே எண்ணி வெளியிட்ட துறை என்ற வகையில் எனக்கு உளவியல் மேல் மரியாதை கூடித்தான் இருக்கிறது. எங்கள் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும், முந்தின வருஷ ஆய்வேடு ஒன்றைப் புதிய மாணவர்கள் திரும்பச் செய்கிறார்கள். ஒத்து வராவிட்டாலும் முழு மதிப்பெண்.

ஆய்வு முடிந்ததும் ஊருக்கு என்ன திருப்பிக் கொடுப்பது?

முடிவைச் சொல்லப் போங்கள். எங்கள் பிள்ளைகள் அட்டையில் புள்ளி வைத்துக் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். அதற்கு முன் ஒரு கட்டாயம்: யாரையும் அடையாளம் தெரியக்கூடாது. இருநூறு குடும்பம் உள்ள ஊரில் “40 வயதுக்கு மேல், கணவர் இலங்கைச் சிறையில்” என்று ஒரு கட்டம் போட்டால், அதில் இரண்டே பேர் இருந்தால், பெயர் எழுதாமலே பெயர் எழுதியது போலாகும். ஐந்து பேருக்குக் குறைவான கட்டத்தைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுகிறோம்.

ஒரு முறை பாசி எடுக்கும் பெண்கள் கூட்டத்தில் எங்கள் மாணவி அந்த அட்டையை விரித்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு அம்மா, ஓரத்தில் தனியாக இருந்த புள்ளியில் விரல் வைத்து, “இது யாரும்மா? இப்ப எப்படி இருக்கா?” என்று கேட்டார். மாணவி சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அந்தப் புள்ளிக்கு உரியவரைத் துறையிலிருந்து நாங்கள் முன்பே தனியாகப் போய்ப் பார்த்துப் பேசியிருந்தோம். மனநல உதவிக்கான அரசுத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ எழுதிய சீட்டைக் கூட்டத்தில் இருந்த எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டு வந்தோம். இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்.